‘ஹேவ்’ என்னும் சின்னஞ்சிறு சொல்



ஆங்கிலத்தில் ஓயாது வழங்கும் வினைச்சொற்களுள் முதலிடம் ‘பீ’ என்பதற்கு. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்றெல்லாம் உருமாறி வருவது அதுவே. அதற்கு அடுத்த இடத்தில் நிற்பது ‘ஹேவ்’. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துக்கள். முதல் வகுப்புச் சிறுமிக்கும் தெரிந்த சொல். ஆயினும் மேல் வகுப்பு விடைத்தாள்களில் சிவப்பு மை மிகுதியாக விழுவது கடினமான சொற்களில் அன்று. இத்தகைய எளிய சொற்களில்தான்.

இதைக் கண்டு மனம் உடைந்து, “எனக்கு ஆங்கிலம் வராது, என் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று முடிவு கட்டிவிடும் பெண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை. ‘ஹேவ்’ என்ற சொல்லில் நாம் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை மந்தபுத்தியால் வருபவை அல்ல. நல்ல தமிழ் அறிவால் வருபவை! தமிழ் ஓரிடத்தில் நின்று பேசுகிறது. ஆங்கிலம் வேறோரிடத்தில் நின்று பேசுகிறது. அவ்விரண்டு இடங்களும் எவை என்று கண்டுகொண்டால் பிழை தானே விலகும்.

எடுத்துக்காட்டுகளையெல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஆங்கில எழுத்து அறியாத தாய்மார்களும் மாலை வேளையில் இந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, தங்கள் பெண்களிடம் கேள்வி கேட்கலாம் அல்லவா?

1. தமிழில் இதற்கு நிகரான சொல் எது?

அகராதியைப் புரட்டினால் ‘உடைத்தாயிரு’, ‘பெற்றிரு’, ‘வைத்திரு’, ‘கொண்டிரு’ என்று பொருள் காணலாம். ஆனால், “நான் இரண்டு தம்பிகளை உடைத்தாயிருக்கிறேன்” என்று எவரேனும் பேசுவதுண்டா? “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்கிறோம். அல்லது “எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு” என்கிறோம்.

இந்தத் தொடரைச் சற்று இலக்கணக் கண்ணோடு பாருங்கள். எழுவாய் எது? ‘நான்’ அன்று, ‘தம்பிகள்’. பயனிலை, ‘இருக்கிறார்கள்’. நானோ ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபை ஏற்று, ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறேன். அதனால்தான் தங்கை என்றால் ‘இருக்கிறாள்’, தம்பி என்றால் ‘இருக்கிறான்’, பசு என்றால் ‘இருக்கிறது’ என்று வினைமுற்று மாறுகிறது. எனக்கு எது உள்ளதோ அதைப் பார்த்தே மாறுகிறது. என்னைப் பார்த்து மாறுவதில்லை.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்ற தொடரில் எழுவாய் ‘ஐ’; தம்பிகள் செயப்படுபொருள். ஆகவே வினை உடையவரைப் பார்த்து மாறுமே அன்றி உடைமையைப் பார்த்து மாறாது. ‘மை மதர் ஹேஸ் ஃபோர் சிஸ்டர்ஸ்’ என்பதே சரி. சகோதரிகள் நால்வராயிற்றே, பன்மையாயிற்றே என்று எண்ணி ‘மை மதர் ஹேவ்’ என்று எழுதிவிட்ட பெண், தமிழ் இலக்கணப்படி சரியாகவே சிந்தித்தாள். ஆங்கிலத்திலோ அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். அம்மா ஒருவர், படர்க்கை ஒருமை, ஆகவே ‘ஹேஸ்’.

‘டு மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்’ என்று சிலர் சொல்வதும் இந்த வழியில் பிறந்ததுதான். அது ஆங்கில உடை உடுத்திய தமிழ்த் தொடர்.

நினைவிற் கொள்க: ‘ஐ’, ‘யூ’, ‘வி’, ‘தே’ ஆகியவற்றுக்கு ‘ஹேவ்’. ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ஒருவர் பெயர், ஒரு பொருளின் பெயர் ஆகியவற்றுக்கு ‘ஹேஸ்’. இறந்த காலத்தில் எல்லாருக்கும் ‘ஹேட்’.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. “எங்களுக்கு வீடு இருக்கிறது” என்பது உரிமை. “என்னிடம் சாவி இருக்கிறது” என்பது இப்பொழுது கைவசம் இருத்தல். சாவி பக்கத்து வீட்டாருடையதாகவும் இருக்கலாம். ‘கு’ உருபும் ‘இடம்’ என்ற உருபும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலம் இரண்டையும் ஒரே ‘ஹேவ்’ சொல்லில் அடக்கிவிடுகிறது: ‘வி ஹேவ் எ ஹவுஸ்’, ‘ஐ ஹேவ் த கீ’. கைவசம் என்பதை வற்புறுத்த வேண்டுமானால் ‘வித் மீ’ சேர்க்கலாம்: ‘ஐ ஹேவ் த கீ வித் மீ’. உயிரற்ற பொருளும் ‘ஹேவ்’ வினைக்கு எழுவாயாகும்: ‘த டேபிள் ஹேஸ் ஃபோர் லெக்ஸ்’, அதாவது மேசைக்கு நான்கு கால்கள்.

2. ‘எனக்கு’ எல்லாம் ‘ஐ ஹேவ்’ ஆகுமா?

மேற்கூறியதைப் படித்தவுடன், ‘எனக்கு’ என்று தமிழில் வந்தால் ‘ஐ ஹேவ்’ என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நோய்களுக்கு அது பொருந்தும். “எனக்குக் காய்ச்சல்” என்பது ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. “எனக்குத் தலைவலி” என்பது ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’. ‘ஐ ஆம் ஹெட்ஏக்’ என்று சொன்னால் ‘நானே தலைவலி’ என்று பொருளாகிவிடும்!

ஆனால் “எனக்குப் பசிக்கிறது” என்பது ‘ஐ ஆம் ஹங்க்ரி’. “எனக்குத் தாகமாயிருக்கிறது” என்பது ‘ஐ ஆம் தர்ஸ்டி’. “எனக்கு வயது 15” என்பது ‘ஐ ஆம் ஃபிஃப்டீன்’. இங்கெல்லாம் ‘ஹேவ்’ வராது. இன்னும் சில இடங்களில் ஆங்கிலம் வேறு வினையையே எடுத்துக்கொள்ளும். “எனக்குத் தெரியும்” என்பது ‘ஐ நோ’. “எனக்குப் பாட்டுப் பிடிக்கும்” என்பது ‘ஐ லைக் மியூசிக்’. “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்பது ‘ஐ வான்ட் வாட்டர்’. “எனக்கு நீந்தத் தெரியும்” என்பது ‘ஐ கேன் ஸ்விம்’.

‘கோல்ட்’ என்ற சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் எனக்குக் குளிர்கிறது. ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் எனக்குச் சளி பிடித்திருக்கிறது. முதலாமவளுக்குப் போர்வை வேண்டும். இரண்டாமவளுக்குக் கஷாயம் வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் கேட்டால் மரபு என்பதே விடை. பிரெஞ்சு மொழியில் பசியையும் வயதையும் ‘ஹேவ்’ வினைக்கு நிகரான சொல்லாலேயே சொல்வார்கள். ‘நான் பசியை உடையேன்’, ‘நான் 15 ஆண்டுகளை உடையேன்’ என்பது போல அது அமையும். ஆங்கிலேயருக்கே பிரெஞ்சு படிக்கும்போது இது விந்தையாக இருக்கும். ஆகவே ஒரு மொழி நம்மை விழ வைப்பது நமக்கு மட்டும் நேரும் துன்பம் அன்று.

3. ‘ஐ ஆம் ஹேவிங்’: எங்கே தவறு, எங்கே சரி?

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஷி இஸ் ஹேவிங் லாங் ஹேர்’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நம் நாட்டில் இது பரவலான பேச்சு. எனினும் தேர்விலும் வேலைக்கான நேர்முகத்திலும் இது பிழை என்றே கொள்ளப்படும்.

இப்பிழை எங்கிருந்து வருகிறது? “நான் ஒரு நல்ல பேனா வைத்திருக்கிறேன்” என்று தமிழில் சொல்கிறோம். ‘வைத்திருக்கிறேன்’ என்பதில் ஏதோ தொடர்ந்து நடப்பது போன்ற தொனி இருக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவள் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்கிறாள். ஆங்கிலத்திலோ உடைமை என்பது ஒரு செயல் அன்று, ஒரு நிலை. இப்பொழுது நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே ‘ஐ ஹேவ்’ என்பதே போதும்.

ஆனால் ‘ஹேவ்’ என்பதற்குச் செயற்பொருளும் உண்டு. ‘ஹேவ் லஞ்ச்’ என்றால் மதிய உணவு உண்ணுதல். ‘ஹேவ் எ பாத்’ என்றால் குளித்தல். ‘ஹேவ் எ லுக்’ என்றால் ஒரு பார்வை பார்த்தல். ‘ஹேவ் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்துதல். இவை செயல்கள். ஆகவே இங்கே ‘ஹேவிங்’ வரலாம். ‘த சில்ட்ரன் ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்பதும், ‘த டீச்சர்ஸ் ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்பதும் முற்றிலும் சரி.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. தொடரின் கருத்தைத் தமிழில் ‘உண்டு’ என்ற சொல்லால் முடித்துப் பாருங்கள். “எனக்குத் தம்பி உண்டு”, “அவளுக்கு நீண்ட கூந்தல் உண்டு” என்று பொருந்தினால் அது நிலை, ‘ஹேவிங்’ கூடாது. குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை “குழந்தைகளுக்குச் சாப்பாடு உண்டு” என்று சொன்னால் கருத்தே மாறிவிடுகிறது. ஆகவே அது செயல், ‘ஹேவிங்’ வரலாம்.

இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘மை சிஸ்டர் ஹேஸ் எ பேபி’ என்றால் என் அக்காவுக்குக் குழந்தை இருக்கிறது. ‘மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் என் அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அக்காவுக்கு விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் தங்கை இந்த ‘இங்’ விகுதியில் கவனமாக இருக்க வேண்டாமா?

4. துணைவினையாக வரும் ‘ஹேவ்’

‘ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர்’ என்பதைத் தமிழில் “நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்” என்போம். ‘எழுதியிருக்கிறேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: எழுதி, இருக்கிறேன். முன்பு “எனக்குத் தம்பி இருக்கிறான்” என்ற தொடரில் வந்த அதே ‘இரு’, இங்கே துணைவினையாக வந்து நிற்கிறது. அங்கும் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, இங்கும் ‘ஹேவ்’. இந்த ஒற்றுமையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆங்கிலத்தில் இவ்வழக்கு எப்படி வந்தது என்பதும் சுவையானது. பழங்காலத்தில் ‘ஐ ஹேவ் எ லெட்டர் ரிட்டன்’ என்பது போன்ற அமைப்பு இருந்தது. எழுதி முடித்த நிலையில் ஒரு கடிதம் என் கையில் உள்ளது என்பது அதன் கருத்து. நாளடைவில் கையில் இருக்கும் கருத்து மறைந்தது. முடிந்த செயல் என்ற கருத்து மட்டும் நின்றது. சொல் வரிசையும் மாறியது. அன்றைய உடைமை வினை இன்றைய காலங்காட்டும் துணைவினை ஆயிற்று.

இன்னொன்று. போதல், வருதல், எழுதல் போன்ற வினைகளுக்குப் பழைய ஆங்கிலம் ‘ஹேவ்’ பயன்படுத்தாமல் ‘பீ’ என்பதையே துணைவினையாகக் கொண்டிருந்தது. கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பாடும் ஆங்கிலப் பாடல்களில் ‘ஹேஸ் ரிஸன்’ என்று வராமல் ‘இஸ் ரிஸன்’ என்று வருவது பற்றிச் சிலர் ஐயம் கேட்பதுண்டு. அது அச்சுப்பிழை அன்று. அந்தப் பழைய வழக்கு வழிபாட்டு மொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இத்துணைவினையில் மூன்று எச்சரிக்கைகள்:

அ. குறிப்பிட்ட இறந்த காலத்தைச் சொன்னால் ‘ஹேவ்’ வராது. தமிழில் “போன வருடம் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறேன்” என்று சொல்ல இடம் உண்டு. ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ என்ற சொல் வந்துவிட்டால் ‘ஐ வென்ட் டு வேளாங்கண்ணி லாஸ்ட் இயர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘யெஸ்டர்டே’, ‘இன் 2019’, ‘டூ டேஸ் அகோ’ ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

ஆ. ‘ஷி ஹேஸ் கான் டு மதுரை’ என்றால் போனவள் இன்னும் திரும்பவில்லை. ‘ஷி ஹேஸ் பீன் டு மதுரை’ என்றால் என்றோ ஒரு நாள் போய் வந்திருக்கிறாள். தமிழில் ‘போயிருக்கிறாள்’ என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் நாம் தடுமாறுகிறோம். நம் முன்னே நின்று பேசும் பெண் ‘ஐ ஹேவ் கான் டு மதுரை’ என்றால் கேட்பவர் சிரிப்பார். மதுரையில் இருப்பவள் இங்கே எப்படி நிற்கிறாள்?

இ. ‘ஹேட்’ என்ற துணைவினை இரண்டு இறந்த காலச் செயல்களுள் முந்தியதைக் காட்டுவது. ‘வென் வி ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், நாங்கள் நிலையத்தை அடைந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. ஒரே ஒரு செயலைச் சொல்லும்போது ‘ஐ ஹேட் கான் டு த மார்க்கெட் யெஸ்டர்டே’ என்று அலங்காரத்துக்காக ‘ஹேட்’ சேர்க்க வேண்டியதில்லை. ‘ஐ வென்ட்’ போதும். ஆனால் ‘ஷி ஹேட் ஹேட் ஹர் லஞ்ச் பிஃபோர் த பெல் ராங்’ என்ற தொடரில் இரண்டு ‘ஹேட்’ வருவதைக் கண்டு மிரள வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவது உண்ணுதல். மணி அடிப்பதற்கு முன்பே அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

5. கடமையைக் குறிக்கும் ‘ஹேவ் டு’

‘ஐ ஹேவ் டு கோ’ என்றால் “எனக்குப் போக வேண்டியிருக்கிறது”. மீண்டும் ‘எனக்கு’, மீண்டும் ‘இரு’! கவனித்தீர்களா? உச்சரிப்பில் ஒரு மாற்றம் உண்டு. தனியே வரும்போது ‘வ்’ ஒலியில் முடியும் இச்சொல், ‘டு’ என்பதோடு சேரும்போது ‘ஹேஃப் டு’ என்று ஒலிக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

உடன்பாட்டில் ‘மஸ்ட்’ என்பதும் ‘ஹேவ் டு’ என்பதும் ஏறக்குறைய ஒன்றே. எதிர்மறையில்தான் இரண்டும் எதிரெதிராகப் பிரிகின்றன. ‘யூ மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடாது’. ‘யூ டோன்ட் ஹேவ் டு’ என்றால் ‘வேண்டியதில்லை’; செய்தாலும் தவறில்லை என்பது அதன் கருத்து.

இது மதிப்பெண்ணோடு முடிகிற வேறுபாடு அன்று. மருத்துவர் ‘யூ மஸ்ட் நாட் டேக் திஸ் டாப்லெட் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்’ என்றால், வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்’ என்றால், வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நீ ஒருத்தியாக இருந்து, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் உன்மீதே விழுந்தால்? ‘கூடாது’ என்பதும் ‘வேண்டியதில்லை’ என்பதும் இடம் மாறினால் விளைவு என்ன? இலக்கணம் படிப்பது இதற்காகவும்தான்.

6. பிறரைக் கொண்டு செய்வித்தல்

“முடி வெட்டிக்கொண்டேன்” என்று நாம் சொன்னால், வேறொருவர் வெட்டிவிட்டார் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், நானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டேன் என்றே பொருள்படும். பிறர் வெட்டியதைச் சொல்ல ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று வர வேண்டும். அவ்வாறே, கொத்தனாரை வைத்துக் கட்டிய வீட்டுக்கு ‘வி ஹேட் எ ஹவுஸ் பில்ட்’. தையற்காரர் தைத்த ரவிக்கைக்கு ‘ஐ ஹேட் எ பிளவுஸ் ஸ்டிச்ட்’.

இங்கே சொல் வரிசை மிக முக்கியம். முதலில் ‘ஹேட்’, அடுத்துப் பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். வரிசையை மாற்றி ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால், அது நாலாம் பகுதியில் பார்த்த துணைவினை ஆகிவிடும். வெட்டியவளும் நீயே ஆகிவிடுவாய்.

தமிழுக்கு இவ்வழக்கு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறீர்களே! ‘கட்டினான்’ தன்வினை, ‘கட்டுவித்தான்’ பிறவினை. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், இராசராச சோழன் அக்கோயிலைத் தான் ‘எடுப்பிச்ச’ கோயில் என்றே குறிப்பிடுகிறான். ‘எடுப்பித்த’ என்பதன் பழைய வடிவம் அது. எடுத்தவன் என்று சொல்லாமல் எடுப்பித்தவன் என்று சொன்னதால், கல் சுமந்தவர்களுக்கும் உளி பிடித்தவர்களுக்கும் அந்த ஒரு சொல்லில் இடம் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஹேட் இட் பில்ட்’ என்பதும் அத்தகையதே. செய்த கை வேறொருவருடையது என்பதை அது மறைப்பதில்லை.

7. சில சிறு குறிப்புகள்

கேள்வி கேட்கும் முறை: பழைய ஆங்கில நூல்களில் ‘ஹேவ் யூ எ பென்?’ என்ற வினாவைக் காணலாம். இன்று பெருவழக்கு ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்பது. இங்கிலாந்தில் பேச்சில் ‘ஹேவ் யூ காட் எ பென்?’ என்றும் கேட்பார்கள். துணைவினையாக வரும்போது மட்டும் ‘டூ’ சேர்க்கக் கூடாது: ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட்?’ என்றே கேட்க வேண்டும்.

‘ஹேட் பெட்டர்’: ‘யூ ஹேட் பெட்டர் கோ நவ்’ என்றால் இப்போது போய்விடுவது உனக்கு நல்லது. இதில் ‘செய்யாவிட்டால் பார்’ என்ற எச்சரிக்கை மறைந்திருக்கிறது. தோழியிடம் சொல்லலாம், தலைமையாசிரியைக்கு எழுதும் விண்ணப்பத்தில் எழுதலாகாது.

பண்புகளும் ‘ஹேவ்’ வினையோடு வரும். ‘ஹேவ் பேஷன்ஸ்’ என்றால் பொறுமையாயிரு. ‘ஹேவ் ஃபெய்த்’ என்றால் விசுவாசமாயிரு. ‘ஹேவ் மெர்ஸி’ என்றால் இரங்கு.

8. சொல்லின் வேரும் உறவும்

லத்தீன் மொழியில் உடைமையைக் குறிக்கும் வினை ‘ஹபேரே’. ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால் ‘ஹேவ்’ அதிலிருந்தே வந்தது என்று எவரும் நினைப்பர். மொழி நூலார் அவ்வாறு கொள்வதில்லை. ‘ஹேவ்’ என்ற சொல்லின் உண்மையான உறவு, ‘பற்று, பிடி’ என்று பொருள்படும் ‘கபெரே’ என்ற லத்தீன் வினை என்பது அவர்கள் முடிபு. ‘கேப்சர்’, ‘கேப்டிவ்’ என்ற ஆங்கிலச் சொற்கள் அந்த ‘கபெரே’ என்பதிலிருந்து வந்தவை. அப்படியானால் ‘ஹபேரே’ என்பதன் உறவு ஆங்கிலத்தில் எது? ‘கிவ்’ என்கிறார்கள்! ஒரு மொழியில் ‘உடைமை’ என்று நின்ற வேர், மற்றொரு மொழியில் ‘கொடு’ என்று மலர்ந்திருக்கிறது.

நம்மைப் போல ‘எனக்கு உள்ளது’ என்று பேசும் மொழிகள் பல. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுதப்பட்ட எபிரேய மொழியில் ‘ஹேவ்’ போன்ற வினை இல்லை. ‘யேஷ் லி’ என்பார்கள், அதாவது ‘எனக்கு உண்டு’. லத்தீனிலும் ‘ஹபேரே’ அல்லாமல் ‘மிஹி எஸ்த்’, அதாவது ‘எனக்கு இருக்கிறது’ என்ற வழக்கு உண்டு. ஐரிஷ் மொழியினரும் ரஷ்யரும் ‘என்னிடம் இருக்கிறது’ என்பது போலவே சொல்கிறார்கள். எரிக் ஃபிராம் என்ற அறிஞர் 1976-இல் வெளியிட்ட ‘டு ஹேவ் ஆர் டு பீ?’ என்ற நூலில், உடைமையை நோக்கிய வாழ்வையும் இருப்பை நோக்கிய வாழ்வையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். எபிரேயத்தின் இந்த வழக்கையும் அங்கே எடுத்துக்காட்டினார்.

ஆனால் இதை வைத்து, ஆங்கிலம் பேசுவோர் பேராசைக்காரர், தமிழர் துறவிகள் என்று சொல்லிவிட முடியாது. ‘எனக்கு, எனக்கு’ என்று அடித்துக்கொள்வது தமிழிலும் தாராளமாக நடக்கிறது! இலக்கணம் நம் குணத்தை அமைப்பதில்லை. எனினும் இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நம் மொழியின் முகமே நமக்குத் தெரிகிறது. ஆங்கிலம் பேசுபவர் தம்மை எழுவாயாக வைத்துத் தமக்குள்ளதைச் சொல்கிறார். தமிழில் தம்பியும் வீடும் காய்ச்சலும் எழுவாயாக நிற்க, நாம் ‘எனக்கு’ என்று அருகில் நிற்கிறோம்.

சிற்றாலயத்தில் நாம் சொல்லும் மன்றாட்டிலேயே இப்பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ் மெர்ஸி’ என்று வேண்டுகிறோம். அதையே தமிழில் ‘இரக்கமாயிரும்’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ தமிழில் ‘இரு’ ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் வைத்து ‘இரக்கத்தை உடைத்தாயிரும்’ என்று எழுதியிருந்தால் நம் நாவில் அது தங்கியிருக்குமா? ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ‘ஹேவ்’ என்பதை விட்டு ‘இரு’ என்பதைப் பற்றியது போல, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘இரு’ என்பதை விட்டு ‘ஹேவ்’ என்பதைப் பற்ற வேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சி

கீழ்வரும் தொடர்களை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடைகளைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

1. என் அக்காவுக்கு மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள்.
2. எனக்குச் சளி பிடித்திருக்கிறது.
3. எனக்குத் தாகமாயிருக்கிறது.
4. அவர்கள் காலை உணவு உண்டுகொண்டிருக்கிறார்கள்.
5. அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை.
6. போன மாதம் நாங்கள் மதுரைக்குப் போயிருந்தோம்.
7. நாளை நீ வர வேண்டியதில்லை.
8. இந்தத் தண்ணீரை நீ குடிக்கக் கூடாது.
9. தையற்காரரிடம் கொடுத்து ஒரு பாவாடை தைத்துக்கொண்டேன்.
10. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே மணி அடித்துவிட்டது.

விடைகள்

1. மை சிஸ்டர் ஹேஸ் த்ரீ சில்ட்ரன்.
2. ஐ ஹேவ் எ கோல்ட்.
3. ஐ ஆம் தர்ஸ்டி.
4. தே ஆர் ஹேவிங் பிரேக்ஃபஸ்ட்.
5. மதர் ஹேஸ் கான் டு த மார்க்கெட். ஷி ஹேஸ் நாட் கம் பேக் யெட்.
6. வி வென்ட் டு மதுரை லாஸ்ட் மன்த்.
7. யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ.
8. யூ மஸ்ட் நாட் டிரிங்க் திஸ் வாட்டர்.
9. ஐ ஹேட் எ ஸ்கர்ட் ஸ்டிச்ட்.
10. த பெல் ஹேட் ரங் பிஃபோர் வி காட் தேர்.

பத்தும் சரியானால் மகிழ்ச்சி. சில தவறினால், ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தவறிய தொடரின் தமிழை மறுபடி படித்து, அதில் எழுவாய் எது, ‘இரு’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். தமிழை நன்றாகப் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கு ஆங்கிலம் எட்டாத கனி அன்று.